நீறு பூத்த கங்கும் ஒரு குப்பித் திரவமும்: கரி பற்றவைக்கும் திரவம், ஒரு மதிப்புரை

கரி அடுப்பைப் பற்றவைப்பதற்கென்றே குப்பியில் அடைத்து விற்கப்படும் திரவத்தைக் கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவது மணம் நீக்கப்பட்ட பெட்ரோலிய வகை. இரண்டாவது ஆல்கஹாலைக் கெட்டியாக்கிச் செய்த கூழ் வகை. மூன்றாவது மறுபடியும் பெட்ரோலிய வகைதான், ஆனால் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. பெட்ரோலியக் குப்பிகள் இரண்டின் உட்பொருளும் ஒட்டுவில்லையிலுள்ள (லேபிள்) விவரப்படி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வேறுபாடெல்லாம் மூடியிலும் குப்பியின் வடிவத்திலும் எச்சரிக்கை எழுத்துகளின் அளவிலும்தான். ஆகவே ஒரு நிறுவனத்தை உயர்த்தியும் இன்னொன்றைத் தாழ்த்தியும் எழுதுவதைவிட, இந்தப் பொருள் எதற்கு உதவுகிறது, எந்தக் கட்டத்தில் கையைச் சுடுகிறது என்பதை எழுதுவதுதான் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான ஒரு பெட்ரோலிய வடிபொருள். ஹைட்ரஜனைக் கொண்டு சுத்திகரித்து, கந்தகத்தையும் வேதியியலில் நறுமணச் சேர்மங்கள் எனப்பட்டாலும் நாற்றமே தரும் பொருள்களையும் பெருமளவு நீக்கிவிடுவதால் தண்ணீரைப் போல நிறமற்றுத் தெளிந்திருக்கிறது. தண்ணீரைவிட இலேசானது, அதில் கரையாது, அதன்மேல் மிதக்கும். தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும்பத் தேவைப்படும் வெப்பநிலை பொதுவாக 40 டிகிரி செல்சியசுக்கும் 65 டிகிரிக்கும் இடையில் அமைகிறது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் எழுந்தது. சாதாரண அறையின் வெப்பம் 25 அல்லது 30 டிகிரிதான் என்றால், தீக்குச்சியைக் காட்டிய உடனே கரியின்மேல் இது எப்படிப் பற்றிக்கொள்கிறது? விடை கரியின் உடலில் இருக்கிறது. மரம் கரியாகும்போது நீரும் வாயுக்களும் வெளியேறி, எண்ணற்ற நுண்துளைகள் எஞ்சுகின்றன. ஊற்றிய திரவம் அந்தத் துளைகளில் ஏறிப் படிந்து, விளக்குத் திரியில் எண்ணெய் நிற்பதைப் போல நிற்கிறது. தீக்குச்சியின் சிறு வெப்பம் திரியின் நுனியிலுள்ள கொஞ்சத் திரவத்தை மட்டும் சூடாக்கினால் போதும். அதன் ஆவி பற்றி, அந்தச் சூட்டில் அடுத்த துளி ஆவியாகி, தீ தானே தொடர்கிறது. ஆவி எரிந்து முடியும்போது கரியின் விளிம்புகள் தாமாகவே கனன்று எரியும் நிலைக்கு வந்துவிடுகின்றன. இந்தத் திரி விவரம் வேதியியல் ஆர்வத்துக்காகச் சொன்னதன்று. சட்டையின் கைப்பகுதியில் தெறித்த திரவமும் இதே முறையில்தான் பற்றும். பருத்தித் துணி கரியைவிடச் சிறந்த திரி.

சொன்ன வேலையைச் செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. உலர்ந்த கரிக்கட்டிகளை ஒரு கூம்பாகக் குவித்து, ஒரு கிலோ கரிக்கு ஏறக்குறைய 100 மில்லி லிட்டர் வீதம் அளந்து, குவியலின் எல்லாப் பக்கமும் நனையும்படி ஊற்றி, குப்பியை மூடி நாலைந்து அடிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, வில்லையில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவிட்டு, நீண்ட தீக்குச்சியால் அடிப்பகுதியில் இரண்டு மூன்று இடங்களில் பற்றவைத்தேன். முதலில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் சுவாலை எழுந்தது. சில நிமிடங்களில் தாழ்ந்தது. அதன் பிறகு வெளியே எதுவும் நடக்காததுபோல் ஒரு இடைவெளி. இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கட்டிகளின் மேல் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. கையால் பிழியும் குப்பியில் கண்ணளவாக ஊற்றும்போது நாம் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பதைச் சமையலறை அளவுக் குவளை ஒன்றை இதற்கென ஒதுக்கி அளந்தபோதுதான் உணர்ந்தேன்: வழக்கமாக நான் ஊற்றியது தேவையைப்போல் இரண்டு மடங்கு. குப்பிகளில் அளவுக்கோடு இருந்தது ஒன்றில்தான். அதுவும் உள்ளே திரவம் தெரியாத இடத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இது தயாரிப்பாளர்கள் எளிதாகத் திருத்திக்கொள்ளக்கூடிய குறை.

ஈரக் கரி வேறு கதை. மழைச்சாரல் பட்ட பையிலிருந்து எடுத்த கரியின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் குடியிருப்பதால் திரவம் உள்ளே போகாமல் மேலாக வழிந்து அடுப்பின் அடியில் தேங்குகிறது. மேலே சுவாலை ஆடி அடங்கிவிடும். கரி கறுப்பாகவே கிடக்கும். ஊற்றியவருக்கு, போதவில்லை என்ற எண்ணம் வரும். விபத்துக்கான முதல் படி பல நேரங்களில் இந்த ஈரக் கரிதான். நனைந்த கரியை வெயிலில் உலர்த்துவது தவிர இதற்கு வழி கிடையாது.

உணவில் மண்ணெண்ணெய் வாடை ஏறுமா என்ற கேள்வியைப் பலரும் முதலில் கேட்கிறார்கள். சாம்பல் நிறம் முழுவதும் படரும்வரை காத்திருந்த நாட்களில் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. சுவாலை அடங்கியதுமே அவசரப்பட்டுக் கம்பித் தட்டை ஏற்றிய ஒரு நாளில், சாப்பிட்ட அனைவருமே முகம் சுளித்தார்கள். எரியாத திரவம் கரியின் உட்புறத்திலிருந்து ஆவியாகி மேலே வந்துகொண்டிருப்பதே காரணம். திரவத்தை முன்கூட்டியே ஊறவைத்து விற்கும் கரிக்கட்டிகளில் இந்தச் சிக்கல் இன்னொரு வடிவத்தில் வருகிறது: எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் இடையில் அவற்றைச் சேர்த்தால், அவற்றிலுள்ள திரவம் உணவுக்கு நேர் கீழே ஆவியாகும். இடையில் சேர்க்கச் சாதாரணக் கரியையே பயன்படுத்த வேண்டும். எரியாத ஆவி காற்றுக்கும் கேடுதான். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பகுதியில் காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு, ஒரு முறை கரி பற்றவைப்பதால் வெளியேறும் கரிம ஆவிக்கு 1990 ஆம் ஆண்டிலேயே வரம்பு விதித்தது. பின்னர் 1998 இல் அந்நாடு முழுமைக்குமான விதியிலும் ஒரு பற்றவைப்புக்கு 9 கிராம் என்ற வரம்பு இடம்பெற்றது. ஒரு நகரமே ஒரே மாலையில் அடுப்பு மூட்டினால் இந்தச் சிறு ஆவி எவ்வளவாகச் சேரும் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது.

இனி நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

மூன்றாவதாக வாங்கிய பெட்ரோலிய வகையைப் பயன்படுத்திய ஒரு மாலையில், அடுப்பை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தபோது கரியின்மேல் சுவாலை இல்லை. மேல் அடுக்கு கறுப்பாகவும் ஓரங்கள் வெளிறிய சாம்பலாகவும் இருந்தன. "அணைஞ்சு போச்சு அண்ணா, இன்னும் கொஞ்சம் ஊத்துறேன்" என்றபடி அவன் குப்பியை எடுத்துப் பிழிந்துவிட்டான். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கரிக்குவியலிலிருந்து அடர்ந்த வெண்புகை எழுந்தது. தீ அணைந்ததால் வரும் புகை என்றுதான் அந்தக் கணத்தில் இருவருமே நினைத்தோம். ஒரு மூச்சு விடும் நேரம் அது அப்படியே அடுப்பின் விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. பிறகு உள்ளே எங்கோ ஒரு கங்கு அதைத் தொட்டது. சத்தம் பெரிதாக இல்லை, ஒரு போர்வையை உதறியதைப் போன்ற சத்தம்தான். ஆனால் அடுப்பின் மேலும் கீழும் இருந்த வெண்மை முழுவதும் ஒரே நேரத்தில் மஞ்சளாகியது. தம்பியின் முன்கையிலிருந்த மயிரும் ஒரு புருவமும் பொசுங்கின. புறங்கையில் உள்ளங்கையளவு தோல் சிவந்து மறுநாள் கொப்பளித்தது. குப்பியை அவன் கீழே போடாமல் பின்னால் இழுத்துக்கொண்டதும், அதன் வாயில் தீ ஏறாததும் எங்கள் நல்ல காலம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்திருந்தோம். ஐஸும் எண்ணெயும் பற்பசையும் வேண்டாம் என்று தெரிந்திருந்ததால் தழும்பில்லாமல் ஆறியது.

நடந்தது என்ன என்பதை அதன் பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நம் மொழியில் நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அதுவேதான். மேலே சாம்பல், உள்ளே பல நூறு டிகிரி வெப்பத்தில் கனலும் கங்கு. திரவம் பற்ற 60 டிகிரி போதும் என்னும்போது, சுவாலை இல்லாத அந்தக் கரி திரவத்தைப் பற்றவைக்காமல் முதலில் கொதிக்கவைக்கிறது. எழுந்த ஆவி மேலே குளிர்ந்த காற்றைத் தொட்டு நுண்துளிகளாகி வெண்புகையாகத் தெரிகிறது. அதாவது நாம் பார்த்தது புகையன்று, எரியாத எரிபொருள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் மேலே பறந்து போகாமல் அடுப்பைச் சுற்றித் தரையோடு தவழ்கிறது. காற்றில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அளவில் கலந்திருந்தாலே அது தீப்பற்றப் போதுமானது. சுவாலையோடு எரியும் கரியில் ஊற்றுவது ஆபத்து என்பதை எவரும் உணர்வார்கள், ஏனெனில் கண்ணுக்கு எதிரே தீ இருக்கிறது. சுவாலை அடங்கிய கரியில் ஊற்றுவது அதைவிடக் கொடியது. அங்கே ஆவி சேர்வதற்கு நேரம் கிடைக்கிறது, ஊற்றுபவரோ குனிந்து நிற்கிறார்.

குப்பியின் வாய்க்குத் தீ ஏறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிழிந்து பீய்ச்சும்போது திரவத்தின் தாரை அடுப்புக்கும் கைக்கும் இடையே ஒரு பாலம். பிழிந்த கையைத் தளர்த்தியதும் குப்பி பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று, வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. வாயருகே எரியும் ஆவி இருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். குப்பி நிறைந்திருக்கும்போது உள்ளே ஆவிக்கு இடம் குறைவு. பாதிக்குமேல் தீர்ந்த குப்பியில் திரவத்துக்கு மேலே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் இடம் பெரிதாக இருக்கிறது, வெயிலில் கிடந்த குப்பியில் அந்தக் கலவை பற்றக்கூடிய அளவை எட்டியிருக்கக்கூடும். உள்ளே பற்றினால் அழுத்தம் மீதித் திரவத்தைத் தீயோடு சேர்த்து வாய்வழியே எறியும். எதிரில் நிற்பவர்மேல் அது பாயும். ஊற்றுபவரைவிட எதிரில் வேடிக்கை பார்ப்பவருக்கு அதிகக் காயம் நேரக்கூடிய விபத்து இது. ஆகவே குழந்தைகளை அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துவது பற்றவைத்த பிறகு செய்யவேண்டிய வேலையன்று, குப்பியைக் கையில் எடுக்கும் முன்பே செய்யவேண்டியது. வாயில் தீயைத் தடுக்கும் சிறு கம்பிவலை பொருத்திய குப்பிகள் உண்டு. வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்க முடிந்தால் அதைத் தேடுங்கள். என் மூன்று குப்பிகளில் எதிலும் அது இல்லை.

அப்படியானால் பற்றாத கரியை என்ன செய்வது? குப்பியைத் தொடாமல் இருப்பதே முதல் விடை. விசிறியால் அடியிலிருந்து காற்றுக் கொடுத்தால், கங்கு உயிரோடு இருக்கும் பட்சத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மெழுகும் மரத்தூளும் சேர்த்துச் செய்த பற்றுக்கட்டி ஒன்றை நீண்ட இடுக்கியால் குவியலின் அடியில் செருகலாம். திரவத்தையே மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால் அடுப்பும் கரியும் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பதால் நடைமுறையில் அன்றைக்கு அந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது.

திரவம் தீர்ந்துவிட்டது என்று பெட்ரோலையோ தின்னரையோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவை ஒரே குடும்பம்போலத் தோன்றினாலும் நடத்தை முற்றிலும் வேறு. பெட்ரோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது. நாம் இருக்கும் எந்த வெப்பநிலையிலும் அது ஊற்றிய நொடியிலிருந்தே எரியத் தயாராக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. தீக்குச்சி கரியைத் தொடும் முன்பே காற்றில் பற்றும். கரித் திரவத்துக்குத் தீப்பற்றும் வெப்பநிலை இவ்வளவு உயர்வாக வைக்கப்பட்டிருப்பதே, ஊற்றுவதற்கும் பற்றவைப்பதற்கும் இடையே மனிதனுக்கு ஓர் அவகாசம் கொடுக்கத்தான். பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு: பாக்கெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தையும் லைட்டர் ஃப்ளூயிட் என்றே சொல்கிறார்கள். அது இதைவிட மிக எளிதில் ஆவியாகும் நாஃப்தா வகை. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

தீக்காயத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தெரியாத ஆபத்து குப்பியை யாராவது வாயில் வைத்தால் நேர்வது. வில்லையில் எச் 304 என்ற குறியீட்டைப் பார்த்திருப்பீர்கள். விழுங்கி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து என்பது அதன் பொருள். இந்தத் திரவம் தண்ணீரைப்போல் மெல்லியதாகவும் எதன்மேலும் உடனே பரவுவதாகவும் இருப்பதால், ஒரு மிடறு தொண்டையில் இறங்கும்போது ஒரு சில துளி வழிதவறி நுரையீரலுக்குள் போய்விடுவது எளிது. அங்கே காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலத்தை அது கரைத்துச் சிதைக்கிறது. நுண்கிருமி எதுவும் இல்லாமலே நிமோனியாவைப் போன்ற அழற்சி உண்டாகிறது. இருமல், மூச்சுத் திணறல், வேகமான மூச்சு, காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அப்போது செய்யக்கூடாத ஒன்று, நம் வீடுகளில் பெரியவர்கள் பதற்றத்தில் முதலில் செய்ய நினைப்பதுதான்: விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது. வாந்தி எடுத்தால் திரவம் இரண்டாம் முறை தொண்டையைக் கடக்கிறது; மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பும் கூடுகிறது. உப்புத் தண்ணீர், எண்ணெய், பால் எதுவும் கொடுக்காமல், குழந்தை நலமாகத் தெரிந்தாலும், குப்பியையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதனால்தான் குப்பியின் நிறத்தையும் மூடியையும் ஒரு மதிப்புரையில் இவ்வளவு பொருட்படுத்துகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 டிசம்பர் 1 முதல், நுரையீரலுக்கு இந்த ஆபத்துள்ள கரித் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்பதானால் ஒளி ஊடுருவாத கறுப்புக் குப்பியில், ஒரு லிட்டருக்கு மேற்படாத அளவில்தான் விற்க வேண்டும். ஒரு மிடறே உயிருக்கு ஆபத்தான நுரையீரல் பாதிப்பை உண்டாக்கலாம் என்ற வாசகம் தெளிவாக, அழியாத எழுத்தில் இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் ஒரு குழந்தையின் கண்ணால் அலமாரியைப் பார்த்திருக்கிறார்கள். தெளிந்த திரவம், ஒளி புகும் குப்பி, சில்லென்ற உறுத்தாத வாசனை, இவையெல்லாம் சேர்ந்தால் அது குடிதண்ணீர். நான் வாங்கிய முதல் குப்பி அப்படித்தான் இருந்தது: ஒளி புகும் பிளாஸ்டிக், பளிச்சென்ற சிவப்பு மூடி. அந்த மூடி அழுத்தித் திருகினால்தான் திறக்கும் என்று எழுதியிருந்தது; ஆனால் நான்கைந்து முறை திறந்து மூடியதும் அழுத்தாமலே திறந்தது, உள்பல் தேய்ந்துபோனதே காரணம். நானே திருகிப் பார்த்துத் திகைத்தேன். மூன்றாவது குப்பி கறுப்பு, மூடி கடைசிவரை கிரீச்சென்ற ஒலியோடு அழுத்தினால் மட்டுமே திறந்தது. உட்பொருள் ஒன்றே என்றாலும் மூன்றாவதுக்கு நான் கொடுக்கும் மதிப்பு முதலாவதைவிடப் பல மடங்கு. எந்தக் குப்பியானாலும் அதிலிருந்து குடிநீர்ப் பாட்டிலுக்கோ குவளைக்கோ மாற்றி ஊற்றிவைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். நான் அளக்கப் பயன்படுத்திய குவளையும் அன்றோடு சமையலறையை விட்டு வெளியேறிவிட்டது.

கூழ் வகையைப் பற்றி என் அனுபவம் கலவையானது. தெறிக்காது, வழியாது, தாரையாகப் பீய்ச்சாது. இவை உண்மையான நன்மைகள். வாடையும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எத்தனாலும் மெத்தனாலும் பற்றும் வெப்பநிலை ஏறக்குறைய 12 முதல் 17 டிகிரிதான். பெட்ரோலிய வகையைப்போல் அவகாசம் தராது. அதைவிட முக்கியமாக, ஆல்கஹாலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது, மெத்தனாலுடையது இன்னும் மோசம். நண்பகலில் பற்றவைத்துவிட்டு, பற்றவில்லையோ என்று குனிந்து கைவைக்கப் போன நான், விரல்நுனியில் சூட்டை உணர்ந்து பின்வாங்கினேன். தீ தெரியாத இடத்தில் மறுபடி கூழைச் சேர்ப்பது, நீறு பூத்த கங்கில் திரவம் ஊற்றுவதன் இன்னொரு வடிவம். மெத்தனால் சேர்ந்த கூழ் உடலுக்குள் போனால் பார்வையையே பறிக்கக்கூடிய நஞ்சு என்பதால், இயற்கையானது என்ற விளம்பரச் சொல்லைப் பார்த்து ஏமாறாமல் உட்பொருள் வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வேறு பயன்களும் இதற்கு உண்டு. புட்டியில் ஒட்டிய வில்லையின் பசை, தாரின் கறை, மிதிவண்டிச் சங்கிலியில் இறுகிய கிரீஸ் ஆகியவற்றைப் பெட்ரோலிய வகை நன்றாகவே கரைக்கிறது. ஆனால் ரப்பரை உப்பவைக்கும், சில பிளாஸ்டிக்குகளை மங்கச் செய்யும். கையின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சித் தோலை வெடிக்கவைக்கும். கையுறை போட்டு, காற்றோட்டத்தில், அருகில் எந்தத் தீயும் இல்லாதபோது மட்டும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாமல் வெளியே விரித்து உலரவிட வேண்டும். எறும்புப் புற்றிலும் களையிலும் ஊற்றுவது மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும் வேலை.

எல்லா அடுப்புக்கும் இது பொருந்தாது. எரிவாயு கிரிலில் ஒருபோதும் கூடாது. முட்டை வடிவப் பீங்கான் அடுப்புகளின் சுவரே நுண்துளை உடையது. திரவம் அதில் ஏறினால் பல நாளைக்கு வாடை போகாது. மூடியுள்ள எந்த அடுப்பிலும் ஊறவிடும் நேரத்தில் மூடியை மூடக் கூடாது, ஆவி உள்ளே தேங்கும். பற்றவைத்த பிறகு தீ கட்டுமீறினால் மட்டும் மூடியையும் காற்றுத் துளைகளையும் மூடித் தீயைத் திணறடிக்கலாம். தண்ணீர் ஊற்றினால் திரவம் அதன்மேல் மிதந்து தீயையும் தூக்கிக்கொண்டு பரவும். கரி கனலும்வரை கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும், அதற்கு நிறமும் மணமும் கிடையாது. மழை வந்துவிட்டது என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கார்நிறுத்தும் அறைக்குள்ளோ இழுத்தால், சன்னல் திறந்திருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, உலோக வாளியிலேயே கொட்ட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாங்கலாமா என்பதற்கு என் விடை. பற்றவைப்பதற்கு இன்னொரு கருவி இருக்கிறது: இருபுறமும் திறந்த, அடியில் கம்பித் தட்டு வைத்த தகர உருளை. கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கிச் செருகி, மேலே கரியை நிரப்பிப் பற்றவைத்தால், சூடான காற்று மேலெழும்பக் கீழிருந்து புதுக்காற்று தானே உள்ளே இழுக்கப்பட்டு, புகைபோக்கியைப்போல் இயங்குகிறது. என் கடிகாரத்தில் அது எடுத்துக்கொண்டது 15 முதல் 20 நிமிடம். திரவத்தைவிடச் சற்று முந்தியே தணல் தயாரானது, வாடையும் இல்லை, குப்பியும் இல்லை. கனலும் கரியை அடுப்பில் கவிழ்க்கும்போது தடித்த கையுறை வேண்டும் என்பது மட்டும் அதன் தொல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் அடுப்பு மூட்டுபவர், வீட்டில் சிறு குழந்தைகள் இல்லாதவர், உலர்ந்த குளிர்ந்த கரியில் ஒரே ஒரு முறை அளந்து ஊற்றிவிட்டுக் குப்பியை எடுத்து வைத்துவிடும் ஒழுங்கு உள்ளவர் என்ற மூன்றும் ஒருசேரப் பொருந்துபவருக்கு, கறுப்புக் குப்பியில் உறுதியான மூடியோடு வரும் பெட்ரோலிய வகையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். ஒளி புகும் குப்பிக்கு ஒன்று. கூழுக்கு இரண்டரை. அடுப்பை மாறி மாறிப் பலர் கவனிக்கும் வீடென்றால் உருளையை வாங்குங்கள், ஏனெனில் யார் கடைசியாக எப்போது ஊற்றினார் என்பதை அடுத்து வருபவருக்குக் கரி சொல்லாது.

எங்கள் வீட்டில் இப்போது உருளைதான். மூன்றாவது குப்பியில் கால் பங்கு மிஞ்சியிருந்தது. சாக்கடையில் கொட்ட மனமில்லாமல், அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு அதே குப்பியில் மூடியை இறுக்கி எடுத்துச் சென்றேன். தம்பியும் கூட வந்தான், வழியெல்லாம் அவன்தான் அதை நிமிர்த்திப் பிடித்திருந்தான்.